முகவரி கேட்கும் படிவம்

இணையத்தில் படம் வரைந்து போடுகிற பிள்ளைகள் தங்கள் படம் திருடுபோய்விட்டது என்று சொன்னால், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வாட்டர்மார்க் போடு. சின்ன சைஸில் போடு. போடவே போடாதே. இல்லையென்றால் புகார் கொடு. இதில் கடைசி யோசனைதான் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதற்கென்று படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பினால் படத்தை எடுத்துவிடப்போகிறார்கள், இதில் என்ன கஷ்டம்? அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதில் உள்ள ஒரு கட்டம் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

படிவம் நிரப்புவது என் பிழைப்பு. இராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மீனவர் நலவாரிய அட்டை, தடைக்கால நிவாரணம், பாஸ்போர்ட், பட்டா மாறுதல், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் பெயரை அடித்துக்கொண்டேதான் இருப்பேன். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண். இதைக் கேட்காத படிவமே கிடையாது. அதனாலேயே அந்தக் கட்டத்தை யாரும் நின்று யோசிப்பதும் கிடையாது. அதை நிறுத்திப் பார்க்க வைத்தது எங்கள் தெருப் பெண் ஒருத்தி. என்னை மாமா என்று கூப்பிடுவாள். ஒரு புனைபெயரில் படம் வரைந்து போடுகிறாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று படித்துக்கொண்டே போகும்போது தெரியும்.

அவளிடம் வரைபலகையெல்லாம் இல்லை. பழைய ஆண்ட்ராய்டு போன், அதில் ஐபிஸ் பெயிண்ட் என்கிற படம் வரையும் செயலி, ரப்பர் முனை வைத்த ஒரு மலிவு ஸ்டைலஸ். அவ்வளவுதான். அவள் வரைவது பெரும்பாலும் கடலுக்குள் பாசி எடுக்கப் போகும் பெண்களை. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சேலையை வரிந்து கட்டி, மேலே ஆண்கள் சட்டையோ டி-சர்ட்டோ போட்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி உள்ளே போவார்கள். பாரில், அதாவது கடலுக்கடியில் இருக்கிற பாறையில், கை உராய்ந்தால் கிழித்துவிடும், அதனால் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். இவளுடைய பாட்டி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துக் குடும்பத்தைக் கரை சேர்த்தவர். திருட்டுப்போன படத்தில் இருப்பது அந்தப் பாட்டியின் கை. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற கோணம். மேலே வெளிச்சம் உடைந்து கிடக்க, ஒரு கை கீழே பாரைப் பற்றியிருக்கிறது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் நீலச் சேலைக் கிழிசல். மற்ற விரல்கள் வெறுமனே. பாட்டி அப்படித்தான் சுற்றுவாராம். எல்லா விரலிலும் சுற்றினால் பாசியின் வேர் கைக்குத் தட்டுப்படாது என்பாராம். அந்த நீலத் துணியின் முடிச்சுக்குக் கீழே, பாறை நிழலில், தன் புனைபெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தாள்.

## பக்கத்துக் கடையில் தொடங்கியது

முதலில் அதைப் பார்த்தது அவள் அண்ணன். இராமேஸ்வரம் கோயில் பக்கம், சங்கும் பாசிமணியும் விற்கிற கடை வரிசையில், ஒரு டி-சர்ட்டில் பாட்டியின் கை தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தயங்காமல் சொல்லிவிட்டார், சரக்கு இராமநாதபுரத்தில் ஒரு பிரிண்டிங் கடையிலிருந்து வருகிறது என்று. நானும் அவளும் அண்ணனும் போனோம். கடை முதலாளி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே கேட்டார். கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "நெட்ல கெடந்துச்சுண்ணே. பேரு கீரு ஒண்ணும் இல்லையே."

பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். படத்தில் பேர் இல்லை. பேர் இருந்த இடத்தில் பாறை இருந்தது. உற்றுப் பார்த்தால் அதே பாறை, அதே வெடிப்போடு, பக்கத்தில் இன்னொரு தரம் இருந்தது. யாரோ பாறையின் ஒரு துண்டை நகலெடுத்துப் பெயரின் மேல் பூசியிருக்கிறார்கள். அதை இவர் செய்யவில்லை. டி-சர்ட், கப், போன் கவர் என்று எதில் கேட்டாலும் அச்சடித்து அனுப்புகிற ஒரு வெளிநாட்டுத் தளத்தில் இந்தப் படம் ஏற்கெனவே விற்பனைக்கு இருந்தது. அங்கிருந்து இவர் எடுத்திருக்கிறார். இவர் கைக்கு வருவதற்கு முன்பே பெயர் போய்விட்டது.

மிச்சமிருந்த சட்டைகளை விற்று அதில் பாதிப் பணத்தைத் தந்துவிடுவதாகச் சொன்னார். அவள் பணம் கேட்கவில்லை. பேரைப் போட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்றாள். அங்கேயே அவள் போனிலிருந்து அந்தப் பெயரை அனுப்பி, அதைச் சின்னதாக அடித்து, ஒவ்வொரு சட்டையிலும் முடிச்சுக்குக் கீழே ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிக் கொடுத்தார். இந்த மாதிரி ஒரு தீர்வு எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் நடந்ததை விடச் சரியான ஒன்றை நான் பார்த்ததில்லை. முகத்துக்கு முகம் பார்க்க முடிந்தது. அதனால் நடந்தது.

நம் பக்கத்து அச்சுக்கடைகளைக் குறை சொல்வது சுலபம். பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை, படகு பூஜை எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் வேண்டும், அதுவும் இன்றைக்குச் சொல்லி இன்றைக்கே வேண்டும். டிசைன் போடும் பையன் கூகுளைத் திறக்காமல் வேறு என்ன செய்வான்? அவனுக்கு நெட் என்பது எடுத்துக்கொள்கிற இடம். அதில் இருக்கிற ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு ஆள் ராத்திரி கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிறார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

## பேர் எப்படிக் கழன்று விழுகிறது

வெளிநாட்டுத் தளம் வேறு விஷயம். அதில் விற்பவருக்கு ஒரு கடைப்பெயர் மட்டும் இருந்தது. ஊர் இல்லை, முகம் இல்லை. அவரே ஒரு மனிதர்தானா என்பதும் சந்தேகம். 2019 டிசம்பரில் ட்விட்டரில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். யாராவது ஒரு படத்துக்குக் கீழே "இது டி-சர்ட்டில் கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதினால் போதும், அதைத் தேடி அலைகிற தானியங்கி நிரல்கள் படத்தை அள்ளிக்கொண்டு போய்ச் சட்டையில் போட்டு விற்பனைக்கு வைத்துவிடும். இதைக் கண்டுபிடித்த ஓவியர்கள் "இந்தத் தளம் திருட்டுப் படங்களை விற்கிறது, வாங்காதீர்கள்" என்ற வாசகத்தையே படமாகப் போட்டு, கீழே தங்களுக்குள் ஒருவருக்கொருவர் ஆசையாகக் கேட்பதுபோல எழுதினார்கள். அந்த வாசகம் அப்படியே சட்டையில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. படிக்காமலே எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நிரூபணம் தேவையில்லை.

படத்தோடு பெயரைக் கட்டி வைக்க வழி இருக்கிறது. கோப்புக்குள்ளேயே வரைந்தவர் பெயர், தேதி எல்லாம் எழுதி வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய் வந்தால் அது கழன்றுவிடும். சமூக ஊடகங்கள் பலவும் ஏற்றும்போதே அதை உரித்துவிடுகின்றன. படத்தின் மேலே எழுதினால் வெட்டிவிடுகிறார்கள், அல்லது பாறையைப் பூசிவிடுகிறார்கள். சின்ன சைஸில் போட்டால் பெரிதாக்கித் தரும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் குறுக்காக வாட்டர்மார்க் போட்டால் திருட்டு கொஞ்சம் குறையும்தான், ஆனால் தண்ணீருக்குள் உடைந்து விழும் அந்த வெளிச்சத்தின் மேல் தடித்த எழுத்து ஓடினால் படம் எங்கே இருக்கிறது? தன் வேலையைத் தானே கெடுத்து வெளியே வைக்கும்படி ஓவியரிடம் சொல்வது எனக்கு யோசனையாகவே தெரியவில்லை.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குப் போனால் சுவரும் கூரையும் ஓவியமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டு. சேதுபதி மன்னர்கள் பெயர் நமக்குத் தெரியும். தூரிகை பிடித்தவர்கள் பெயர் என் காதில் விழுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோதும் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அப்போது பெயர் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை என்று விட்டுவிடலாம். இப்போது எழுதி வைத்த பெயரையே அழிக்கிறார்கள்.

## சட்டம் அவள் பக்கம்தான்

சட்டத்தைத் தேடிப் படித்தபோது எனக்குத் தெம்பு வந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்து முடித்த நொடியே படம் அவளுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. விருப்பப்பட்டால் பதிவு செய்துகொள்ளலாம். ஓவியத்துக்கு 500 ரூபாய், சரக்குகளில் பயன்படுத்தும் வகைப் படம் என்றால் 2000 ரூபாய். நீதிமன்றம் போனால் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும், அவ்வளவுதான். வரைந்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உரிமை நிற்கிறது. பதிப்புரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிப்பதற்கான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928லேயே சேர்ந்துவிட்டதால், அதில் இருக்கிற மற்ற நாடுகளிலும் அவள் படத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது 57ஆவது பிரிவு. படத்தை விற்று, உரிமையையும் எழுதிக் கொடுத்த பிறகும்கூட, "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 65பி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. ஒரு படைப்போடு இருக்கும் படைப்பாளியின் பெயர் போன்ற உரிமை விவரங்களைத் தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பாறையைப் பூசியவர் செய்தது அதுதான். புனைபெயரில் வெளிவரும் படைப்புகளுக்கும் சட்டத்தில் தனியாக இடம் இருக்கிறது. 23ஆவது பிரிவு. ஆக, அவள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் வரைவதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வழக்குப் போடுவதற்கு வெளியூர் அலையவும் வேண்டாம். 62ஆவது பிரிவின்படி, உரிமையாளர் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம்.

ஆதாரமும் கையில் இருந்தது. ஐபிஸ் பெயிண்ட் வரைவதையெல்லாம் பதிவு செய்துகொண்டே வரும், கடைசியில் அதை வீடியோவாக எடுக்கலாம். அதை என் கடையில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் ஒரு சாம்பல் நிறக் கறை. அதிலிருந்து மணிக்கட்டு. விரல்களை வரைந்து அழித்து மறுபடி வரைகிறாள். எல்லா விரலிலும் துணி சுற்றுகிறாள். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். அந்த இடத்தில் அவள் சிரித்துக்கொண்டே, "அம்மாச்சி பாத்துட்டு திட்டுச்சு மாமா, இப்புடியா சுத்துவாங்கன்னு" என்றாள். கடைசியில் நீல நிறம், அப்புறம் முடிச்சு, அப்புறம் பெயர். திருடியவரிடம் இருப்பது ஒரே ஒரு தட்டைப் படம். இவளிடம் இருப்பது அடுக்கு அடுக்காக முழு வேலையும்.

சரி, புகார் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

## அந்தக் கட்டம்

அந்தத் தளம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின்படி புகார் போகவேண்டும். எந்தப் படம், திருட்டுப் படம் எந்த இணைப்பில் இருக்கிறது, அனுமதி தரப்படவில்லை என்று மனமார நம்புகிறேன் என்ற உறுதி, நான் சொல்வது உண்மை என்ற உறுதி, கையெழுத்து. பொய்யாக உரிமை கோரினால் பொய்ச் சத்தியம் செய்த குற்றம். இதெல்லாம் நியாயம்தான். வேகமாக அடித்துக்கொண்டு போனேன். முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். பழக்கதோஷத்தில் அதையும் அடிக்கப் போனேன். அவள் கீழே இருந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த விவரங்கள் படத்தை விற்பனைக்கு வைத்தவருக்கு அனுப்பப்படலாம் என்று போட்டிருந்தது.

"மாமா, இது யாருக்குப் போகும்?"

"வித்தவனுக்கு."

"அவன் யாரு?"

"தெரியலையே."

"அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. நான் யாரு, எங்க இருக்கேன்னு மட்டும் அவனுக்குத் தெரியணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றுகொண்டிருந்த ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார். அவள் போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வேணாம் மாமா. படம் போனா போகுது. நம்பரு போனா தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு பெண்ணின் எண் தெரியாத ஆளின் கையில் சிக்கினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெண் புனைபெயர் வைத்துக்கொண்டதே அதனால்தான். முதலில் சொந்தப் பெயரில் போட்டபோது உள்பெட்டியில் வந்த செய்திகள் அப்படிப்பட்டவை. அந்தப் பெயரால் ஒரு வேலி போட்டு அதற்குள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். படத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வேலியைப் பிரித்துக் கொடு என்கிறது படிவம். எடுத்தவருக்கு மட்டும் எந்த வேலியையும் பிரிக்கச் சொல்லவில்லை. அவர் எதிர்த்து மறுப்புக் கொடுத்தால்தான் அவரும் தன் பெயரையும் முகவரியையும் சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்துவிட்டு வேறு கடைப்பெயரில் மறுபடி விற்றால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முகவரி கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொய்ப் புகார் கொடுத்து மற்றவர் படத்தையோ எழுத்தையோ தூக்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தனக்குப் பிடிக்காத விமர்சனத்தை இல்லாமலாக்க இதே சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். குற்றம் சாட்டுபவர் யார் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியவேண்டும் என்பது நல்ல கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை இரண்டு பக்கமும் சம பலம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சினிமா கம்பெனிக்கு அலுவலக முகவரி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். போனில் வரைகிற பெண்ணுக்கு இருப்பது அவள் வீடு மட்டும்தான்.

நம் நாட்டு வழியையும் பார்த்தேன். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி இருக்கிறது. புகாரில் நியாயம் இருந்தால் இணையதளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தை முடக்க வேண்டும். படிக்கிறபோது மனசு குளிர்ந்தது. கீழே வந்தால், 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்கிக் கொடுப்பேன் என்று புகார் தருபவர் எழுதித்தர வேண்டும். இல்லையென்றால் அந்த நாள் கழிந்ததும் தளம் படத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு டி-சர்ட் படத்துக்காக இராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்கு. வக்கீல் கட்டணத்தை விடுங்கள், ஒரு நாள் பாசிக்குப் போகாமல் அவள் அம்மா கூட வரவேண்டுமே, அந்தக் கூலியை யார் தருவது? உரிமை கொடுத்திருக்கிற சட்டமே அதைத் தொடுவதற்கு இவ்வளவு உயரத்தில் கை நீட்டச் சொல்கிறது.

## வேறு ஒருவர் பெயர்

அன்றைக்கு ராத்திரி கடையை அடைத்த பிறகும் அந்தப் படிவத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படிவம் படிப்பதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, சின்ன எழுத்தை விடமாட்டேன். அதில் ஒரு வார்த்தை இருந்தது. புகாரை உரிமையாளர் தரலாம், அல்லது உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர் தரலாம். வக்கீலாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அதிகாரம் பெற்றவர் என்றால் போதும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினோம். இந்தப் புனைபெயரில் வரையும் நான், இந்தப் படத்தின் பதிப்புரிமை தொடர்பான புகார்களை என் சார்பில் அனுப்ப இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அது என் மேசையில்தான் இருக்கிறது, யாருக்கும் அனுப்பவில்லை. படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் புனைபெயர். புகார் தருபவர் என்ற இடத்தில் என் பெயர், என் கடை முகவரி, என் கடை எண். அந்த எண் ஏற்கெனவே போர்டில் எழுதித்தான் தொங்குகிறது, ரோட்டில் போகிற யாரும் பார்க்கலாம். வரைந்த வீடியோவின் இணைப்பையும், பூசப்பட்ட பாறையை வட்டம் போட்டுக் காட்டிய படத்தையும் சேர்த்து அனுப்பினேன். சில தளங்கள் இப்படிச் சார்பில் வரும் புகாரில் உரிமையாளரின் சட்டப் பெயரைத் தனியாகக் கேட்கும் என்பதால் அது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தளம் கேட்கவில்லை. படத்தை எடுத்துவிட்டார்கள். விற்றவரிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

கொஞ்ச நாளில் வேறு கடைப்பெயரில் அதே படம் வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி எடுத்தார்கள். இது இப்படியேதான் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த அலைச்சல் இப்போது அவளுடையது இல்லை. அவள் வரைந்துகொண்டிருக்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். படத்தைக் காப்பாற்றுவது பற்றிச் சொல்லப்படும் யோசனை அத்தனையும் ஓவியரைத் தனி ஆளாக நிறுத்துகிறது. நீ வாட்டர்மார்க் போடு, நீ தேடிப்பார், நீ புகார் கொடு, உன் முகவரியைக் கொடு. நம் கரையில் ஒருவருடைய வலையை வேறு படகு அறுத்துவிட்டால் அவரைத் தனியாகப் போய்ப் பேசு என்று யாராவது சொல்வோமா? மிதவையையும் கயிற்றையும் பார்த்து இது இன்னார் வலை என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது, போய்ப் பேசச் சங்கம் இருக்கிறது, எதிர்த்தரப்புக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வலைக்காரர் பின்னால் நின்றால் போதும். படம் வரைகிற பிள்ளைகளுக்கு அப்படி முன்னால் நிற்க யாரும் இல்லை. ஊருக்கு ஒரு முகவரி, ஒரு எண், புகார் எழுதத் தெரிந்த ஒருவர், சந்தேகம் கேட்க ஒரு வக்கீல். இதற்கு மேல் எதுவும் பெரிதாக வேண்டியதில்லை. ஓவியர் சங்கமாக இருக்கலாம், கல்லூரியின் நுண்கலைத் துறையாக இருக்கலாம், ஒரு நூலகமாகக்கூட இருக்கலாம். அதிகாரக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு தங்கள் பெயரில் புகார் அனுப்ப வேண்டும். பெயரை இரவல் கொடுக்க ஆள் இருந்தால் இந்தச் சட்டம் வேலை செய்கிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அது இதைவிடப் பெரிய கவலை. 2022இல் வெளிவந்த லயான்-5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடிப் படங்களின் இணைப்புகள், விளக்கத்தோடு திரட்டப்பட்டிருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் வரைந்து தரும் மென்பொருள்கள் அந்த வகைத் தொகுப்பில் பயின்றவை. அதை எதிர்த்து அமெரிக்காவில் ஓவியர்கள் 2023 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளேஸ் என்றும் நைட்ஷேட் என்றும் மென்பொருள் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாதபடி படத்தில் சின்ன மாற்றங்களைச் செய்து, அதைப் பார்த்துக் கற்கவரும் கணினியைக் குழப்புகின்றன. நல்ல முயற்சி. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஓட்டினால் நேரம் இழுக்கும், எங்கள் பெண்ணிடம் கணினியே கிடையாது. என் கடை மெஷினில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன், இங்கே நுழைத்தால் அந்த முகவரிக் கட்டம் மறந்துபோகும்.

இந்தக் கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், யாராவது வரைகிறவர்கள் இந்தச் சிக்கலில் இருந்தால் மண்டபத்துக்கு வாருங்கள். வரும்போது அடுக்குகள் அழியாத மூலக் கோப்பைக் கொண்டுவாருங்கள். வரைந்த வீடியோ இருந்தால் அதையும். முதன்முதலில் போட்ட பதிவை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். தேதிக்கு அதுதான் சாட்சி. கோபத்தில் பக்கத்தையே மூடிவிட்டு வந்தவர்களுக்கு ஆதாரம் திரட்ட நான் பட்டபாடு கொஞ்சமில்லை. திருட்டுப் பக்கத்தை, அதன் இணைப்பு தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். முதலில் சண்டை போட்டால் அவர்கள் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். காசு வேண்டாம். புகாரில் போட என் கடை முகவரியை நான் தருகிறேன்.

அச்சுக்கடைக்காரர்களிடமும் பேச ஆரம்பித்திருக்கிறேன். கேட்பது ஒன்றுதான். நெட்டிலிருந்து எடுக்கும் படத்தை அச்சடிக்கும் முன் ஒருமுறை கூகுள் லென்ஸில் போட்டு வரைந்தவர் யாரென்று பாருங்கள், கிடைத்தால் கேளுங்கள், நம் ஊர்ப் பிள்ளை என்றால் ஒரு டிசைனுக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். டீ வாங்கிக் கொடுத்தாரே, அந்த இராமநாதபுரத்து முதலாளி, அவர் உடனே சம்மதித்துவிட்டார். இப்போது அவளிடமே படகுப் படங்கள் கேட்டு வாங்குகிறார், கடைசி ஓரத்தில் அவள் பெயரைப் போட்டே அடிக்கிறார். இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிளெக்ஸ் சதுர அடி விலையே கட்டுப்படியாகவில்லை, இதில் படத்துக்கு வேறு காசா என்கிறார். அவர் சொல்லும் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. அதனால் படத்துக்கு எவ்வளவு என்றால் அவருக்குக் கட்டும் என்று அவரையே ஒரு தொகை சொல்லச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவேன்.